எட்டு நாள் முட்டை

எனக்கு எண்பத்து மூணு வயசு. வளர்த்தது ஏழு. பெத்தது நாலு, தங்கச்சி கண்ணை மூடினபோது விட்டுட்டுப் போனது மூணு. ஏழும் ஆளாகி, ஏழும் இன்னைக்கு உயிரோட இருக்கு. இதை முதல்லயே சொல்லிப்புடுதேன். ஏன்னா இந்த ஏழுக்கும் சோறு போட்டது நான் அவிச்ச முட்டைதான்.

ஐந்தருவிக்குப் போற பாதையில இருக்கிற அந்தப் பழைய பங்களாவை இப்ப தங்கும் விடுதியாக்கி இருக்காங்க. அதோட அடுப்படிக்குப் புதுசா வேலைக்குச் சேர்ந்த நீங்க நாலு பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தீங்க. உங்க காலத்துல வேலை எப்படி நடந்துச்சு, கொஞ்சம் சொல்லுங்க ஆச்சின்னு கேட்டீங்க. அன்னைக்கு வாயில வெத்தலை இருந்தது, சரியாச் சொல்ல முடியலை. இப்ப சொல்லுதேன். எனக்கு எழுத்து அவ்வளவா ஓடாது. டப்பா மேல இருக்கிற எழுத்தைப் பார்த்து இது சீனி, இது சோடா மாவுன்னு அடையாளம் தெரியும். கையெழுத்துப் போடுவேன். அதுக்கு மேல கிடையாது. என் பேத்தி கோமதி எழுதுதா. எழுத்துல தப்பு இருந்தா அது அவ தப்பு. விஷயத்துல தப்பு இருந்தா அது என் தப்பு.

எத்தனை படி அரிசிக்கு எத்தனை படி தண்ணிங்கிறதை அங்கன இருக்கிறவங்க உங்களுக்குச் சொல்லித் தருவாங்க. நான் அதுக்குள்ள போகலை. நான் சொல்லப்போறது ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைப் பத்தி.

அப்ப வெள்ளைக்காரங்க காலம். பருத்தி வியாபாரம் பார்த்த ஒரு துரையோட பங்களா அது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பிச்சா துரையும் தொரசானியும் வந்துருவாங்க. ஆவணி முடிய இருப்பாங்க. என் வீட்டுக்காரர் கண்டிக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் திரும்பி வரலை. கடுதாசியும் வரலை. ஏழு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் அந்தப் பங்களா குசினியில வேலைக்குச் சேர்ந்தேன். அம்மியில அரைக்கிறது, கோழி உரிக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது. குதிரை லாயத்துக்குப் பின்னால ஒரு அறை குடுத்தாங்க. எட்டு பேரும் அதுல இருந்தோம். மழை ஒழுகாத அறை. அது எனக்கு அரண்மனை.

குசினிக்குத் தலைவர் பட்லர். அவர் பேரைச் சொல்லமாட்டேன், அவர் வழி வந்தவங்க இன்னும் தென்காசியில இருக்காங்க. உயரமான மனுஷர். வெள்ளைக் கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கோழிக்கு உப்புப் போடும்போதுகூட கோர்ட்டுல நிக்கிற மாதிரி நிப்பார். அவர் கைக்கு எல்லாமே வரும். ஆனா துரைமார் தேடி வந்து தின்னது டெவில் முட்டை. அவிச்ச முட்டையை ரெண்டா வகுந்து, மஞ்சக்கருவை எடுத்து, கடுகும் மிளகும் வினிகரும் வெண்ணெயும் போட்டு மசிச்சு, திரும்ப அந்தக் குழியிலேயே நிரப்பி வைக்கிறது. காரம் பிசாசு மாதிரி ஏறுமாம், அதனால துரைமார் அந்தப் பேரை வச்சாங்களாம்.

அந்த முட்டையைச் செய்யும்போது பட்லர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிடுவார். எங்களுக்கு முதுகுதான் தெரியும். நாலு வருஷம் அந்த முதுகை நான் பார்த்தேன். தோள் அசையிறதை வச்சே இப்ப மசிக்கார், இப்ப வினிகர் விடுதார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா அடுப்புக்கிட்ட விடமாட்டார்.

"ஏட்டி, உனக்கு அம்மி, எனக்கு அடுப்பு. நடுவுல ஒரு கோடு கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது, தாண்டினாத் தெரியும்"னு சொல்லுவார்.

எனக்கு அந்தக் கோட்டைத் தாண்டணும். ராத்திரி பகலா அதே நினைப்பு. அம்மிக்காரியா இருந்தா என்னைக்கு வேணும்னாலும் வேற அம்மிக்காரி வருவா. அடுப்புக்காரியா ஆனா அந்த அறை எனக்கு நிலைக்கும்.

சாமான் அறை மூலையில பட்லர் ஒரு கறுப்புப் பானை வச்சிருந்தார். பானை நிறையத் தவிடு, தவிட்டுக்குள்ள முட்டை. வர்ற முட்டையை அன்னைக்கே எடுக்கமாட்டார். ஒவ்வொண்ணுலயும் பென்சிலால ஒரு குறி போட்டுப் புதைச்சு வைப்பார். எட்டு நாள், ஒன்பது நாள் போன பிறகுதான் அவிக்க எடுப்பார். எனக்கு அது பொறுக்கலை. எங்க வீட்டுல காலையில கோழி கொக்கரிச்சா மத்தியானம் முட்டை தட்டுல இருக்கணும். விருந்தாளிக்கு முந்தாநாள் முட்டை குடுத்தாலே எங்க அம்மைக்கு மானக்கேடு. இந்த மனுஷன் பழசைத் துரைக்கு ஊட்டிட்டுப் புதுசை எங்கேயோ விக்காரு போலன்னு நானே ஒரு கதை கட்டிக்கிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை தொரசானி சாமான் அறையைப் பார்க்க வந்தாங்க. நான் மூடியைத் திறந்து பானையைக் காட்டிட்டேன். எட்டு நாள் முட்டைன்னு விரலை மடக்கி எண்ணியும் காட்டினேன். அந்தம்மா கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு, எல்லாத்தையும் குழியில கொட்டச் சொன்னாங்க. இனிமே இந்த வீட்டுல அன்னன்னைக்குப் போட்ட முட்டைதான்னு உத்தரவு. பட்லர் "சரி, மேடம்"னு மட்டும் சொன்னார். என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

துரைக்கு நல்லது நினைச்சுத்தான் சொன்னேன்னு ஒரு நாள் முழுக்க என்னையே நான் ஏமாத்திக்கிட்டேன். உங்ககிட்ட உண்மையைச் சொல்லுதேன். கோட்டைத் தாண்டத்தான் கோள் சொன்னேன்.

மறுநாள் பட்லருக்குக் குளிர்காய்ச்சல் வந்து படுத்துட்டார். சாரல் நாள்ல அது எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா தோட்டக்காரர் பெண்டாட்டி செல்லத்தாயி என் முகத்துக்கு நேரே சொன்னா: "மாடத்தி, கொசு கடிச்சு வந்தது பாதி, நீ கடிச்சு வந்தது பாதி." அவ வாய் அப்படி. என்னை அவளுக்குப் பிடிக்கும், அதனாலதான் சொன்னா.

புதன்கிழமை தொரசானி என்னைக் கூப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பங்களாவுல விருந்து. முப்பது பேர் வருதாங்க. டெவில் முட்டை மட்டும் நூறு பாதி வேணும், அதாவது அம்பது முட்டை. திருநெல்வேலிக்குத் தந்தி குடுத்தா ஒரு சமையல்காரர் குடும்பத்தோட வந்துருவார், அந்தப் பின் அறையை அவருக்குத் தரணும். அந்தம்மாவுக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தமிழ்ல இதை ரொம்பத் தெளிவாச் சொன்னாங்க. நான் செய்யுதேன் அம்மான்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை நல்லபடி நடந்தா நீ இரு, நடக்கலைன்னா சனிக்கிழமை தந்தின்னு முடிச்சுட்டாங்க.

பார்த்துக்கோங்க. நான் கேட்டது கிடைச்சாச்சு. கோடும் இல்லை, கோடு போட்டவரும் படுத்துட்டார்.

அந்த வெறியில நான் செய்த வேலையைக் கேளுங்க. வியாழக்கிழமையே இலஞ்சிக்கும் வல்லத்துக்கும் குத்துக்கல்வலசைக்கும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில போட்ட முட்டை மட்டும்தான் வேணும், நேத்து முட்டை ஒண்ணுகூட வேண்டாம்னு. பொம்பளைங்க மடியில கட்டிக்கிட்டு வந்தாங்க. கையில வாங்கினா சூடு இருந்தது. எழுபது முட்டை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துட்டு. இந்தப் பங்களா கட்டின நாள்ல இருந்து இப்படி முட்டை இங்கன வந்திருக்காதுன்னு செல்லத்தாயிகிட்ட பீத்திக்கிட்டேன்.

முதல்ல பத்தை அவிச்சேன். ஆறவச்சு முதல் முட்டையைத் தட்டினேன். தோடு, அதான் மேல் ஓடு, வரலை. தோட்டுக்கு அடியில இருக்கிற சவ்வு, வெள்ளைக்கருவைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. நகத்தால கெல்லினா தோட்டோட சேர்ந்து சதையும் வருது. உரிச்சு முடிச்சபோது அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. ரெண்டாவதும் அப்படி. பத்தும் அப்படி. தண்ணியில உப்பை அள்ளிப் போட்டு இன்னும் எட்டு அவிச்சேன். கூட நேரம் வச்சேன். அதுவும் பிய்ஞ்சு பிய்ஞ்சு வந்தது. வகுந்து தட்டுல வைக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தொரசானி குசினி வாசல்ல வந்து நின்னாங்க. முட்டையைப் பார்த்தாங்க, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாங்க. தந்திக்கு ஆள் தயாரா இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்ப மணி எட்டரை. பின்பக்கம் என் பிள்ளைங்க ஏழும் சண்டை போடுற சத்தம் கேட்டது.

பிய்ஞ்ச முட்டையை எல்லாம் கொத்தி, வெங்காயம் போட்டுப் புரட்டி வேலையாளுங்க சாப்பாட்டுக்கு ஒதுக்கி வச்சேன். பதறுற நேரத்துலயும் பொருளை வீணாக்காதீங்க. கை ஒரு வேலையில இருந்தாத்தான் மண்டை யோசிக்கும்.

அப்ப செல்லத்தாயி ஒரு கிண்ணத்தோட வந்தா. பட்லருக்கு மூணு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் பசி எடுத்திருக்கு, ஒரு அவிச்ச முட்டை கேட்டாருன்னு அவ வீட்டுலயே அவிச்சுக் கொண்டு வந்திருக்கா. அவருக்குக் கை நடுங்குது, உரிக்க முடியலை, நீ வந்து உரிச்சுக் குடுன்னு என்னைக் கூப்பிட்டா. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கம். போகாம இருக்கவும் முடியலை.

கட்டில்ல கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து முட்டையைத் தட்டினேன். அகலமான பக்கத்துல ஒரு விரிசல். பெருவிரலை உள்ள விட்டு ஒரு தள்ளு. தோடு ரெண்டே துண்டா கழண்டு விழுந்தது. உள்ளே முட்டை பச்சைப்பிள்ளை கன்னம் மாதிரி, ஒரு கீறல் கிடையாது.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இது எந்த முட்டைட்டி?"ன்னு செல்லத்தாயிகிட்ட கேட்டேன்.

"நீ கொட்ட வச்சியே, அந்தப் பானை முட்டைதான். குழியில போட மனசு வரலை, ஆறு எடுத்து வச்சுக்கிட்டேன். இதுதான் கடைசி."

பட்லர் கையை நீட்டி முட்டையை வாங்கிக்கிட்டார். ஒரு கடி கடிச்சு மென்னுட்டுக் கேட்டார்.

"இப்ப என்ன தெரியுது?"

"புது முட்டைக்குத் தோடு ஒட்டிக்கிடும் ஐயா. நாள் ஆனா விடும்."

"நாலு வருஷமா என் முதுகை அந்தப் பார்வை பார்த்தியே. பானையை ஏன் பார்க்கலை?"

"அன்னைக்குத் தொரசானிகிட்ட நீங்க இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா பக்கத்துல நின்ன உன் காதுலயும் ரகசியம் விழுந்திருக்கும்"னார். அவ்வளவு பெரிய வீம்பு அவருக்கு. என் வீம்பும் அவர் வீம்பும் மோதினதுல முட்டைதான் குழிக்குப் போச்சு. மிச்சத்தை வாயில போட்டுக்கிட்டு, "உனக்கு எட்டு நாள் முட்டை அம்பது வேணும். மணி ஒன்பதாகுது. இங்கன உட்கார்ந்து என்ன செய்யுதே?"ன்னு சொல்லிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார்.

புது முட்டை எங்கேயும் கிடைக்கும். எட்டு நாள் முட்டைக்கு எங்க போறது? தென்காசிக் கடையில வர்றது எப்ப போட்டதுன்னு யாருக்கும் தெரியாது, சிலது கூமுட்டையாவும் இருக்கும். லாயத்துக்கிட்ட நின்னு யோசிச்சேன். அங்கன ஒரு கோழி றெக்கையை விரிச்சுக் கேறிக்கிட்டே திரிஞ்சது. அடைக்கு உட்காரப் போற கோழி. அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிஞ்சுட்டு.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கோழியை அடை வைக்கிறதுக்குப் பொம்பளைங்க பத்து நாளா முட்டையைச் சேர்ப்பாங்க. ஒரு சட்டியில அரிசியோ தவிடோ போட்டு, அதுல முட்டையை அடுக்கி, இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகாம இருக்கட்டும்னு ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும் கூட வைப்பாங்க. அந்த முட்டையை விக்கமாட்டாங்க. பிள்ளை அழுதாலும் எடுத்து அவிக்கமாட்டாங்க. எட்டு நாள் முட்டை இருக்கிற ஒரே இடம் அதுதான், அதைக் கேட்கக் கூடாத இடமும் அதுதான்.

மிச்சம் இருந்த அம்பத்திரெண்டு புது முட்டையை ரெண்டு ஓலைப்பெட்டியில அடுக்கி, நானும் செல்லத்தாயியும் மழைக்குக் கோணிச்சாக்கை மடிச்சுத் தலையில கொங்காணியாப் போட்டுக்கிட்டு மேலகரத்துக்கு நடந்தோம்.

முதல் வீடு பிச்சம்மா அக்கா வீடு. எனக்குத் தூரத்துச் சொந்தம். சட்டியில பதினோரு முட்டை வச்சிருந்தா. அதைக் குடுங்க, நான் காலையில போட்ட முட்டை பதினொண்ணு தருதேன்னு கேட்டேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"புதுசைக் குடுத்துட்டுப் பழசைக் கேக்கிறவ உலகத்துல உண்டாட்டி? இதுல என்ன வச்சுக் கொண்டாந்திருக்கே?"

"ஒண்ணும் வைக்கலை அக்கா."

"செய்வினை கிய்வினை..."

செல்லத்தாயி பெட்டியை இறக்கி வச்சுட்டு, "அவளுக்கு ஏழு பிள்ளை. தலை வார நேரமில்லை, செய்வினை வைக்க எங்க நேரம்?"னு சொன்னா. பிச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சாலும் சட்டியை விடலை.

கெஞ்சினா நடக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சது. கெஞ்சுறவகிட்ட ஏதோ இருக்குன்னு சந்தேகம்தான் கூடும். அவளுக்கு இதுல என்ன லாபம்னு யோசிச்சேன். "அக்கா, எட்டு நாள் ஆன முட்டையில பத்துக்கு ரெண்டு மூணு கூமுட்டையாப் போகும். நீயே எத்தனை தடவை சொல்லி அழுதிருக்கே. இது இன்னைக்குப் போட்டது. அத்தனையும் குஞ்சாகும். எனக்குப் பழசுதான் ஆகும், உனக்குப் புதுசுதான் ஆகும். நான் ஏமாத்தினா அந்தப் பங்களாவுல வந்து என் கொண்டையைப் பிடி"ன்னு சொன்னேன்.

அவ ஒரு முட்டையை எடுத்து வாசல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. காதுக்கிட்ட குலுக்கிப் பார்த்தா. பிறகு கைராசிக்கு ரெண்டு முட்டை கூட வேணும்னா. குடுத்தேன். வாங்கி வச்சுட்டுத் தெருவைப் பார்த்து ஒரு குரல் விட்டா. எட்டு பத்துப் பேர் முட்டை வச்ச சட்டியும் சுளகுமா வந்து நின்னுட்டாங்க.

அந்த இடத்துலதான் நான் அவசரப்படலை. ஒரு அகலச் சட்டியில தண்ணி வாங்கி, வந்த முட்டையை ஒவ்வொண்ணாப் போட்டேன். தண்ணிக்கு அடியில பக்கவாட்டுல படுத்திருந்தா அது புதுசு, வேண்டாம். மிதந்தா அது கெட்டது, கண்டிப்பா வேண்டாம். அடியிலேயே இருந்துக்கிட்டு அகலப் பக்கத்தைத் தூக்கி நிக்கணும், அதுதான் என் முட்டை. காலங்காலமா நாங்க நிக்கிற முட்டையை ஒதுக்கிட்டுப் படுக்கிற முட்டையை எடுத்தவங்க. அன்னைக்கு நான் தலைகீழா எடுக்கிறதைப் பார்த்து அந்தத் தெரு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது. ஒருத்தி, நாலு நாளா கோழிக்கு அடியில இருந்த முட்டையையும் கொண்டு வந்து கலந்துட்டா. வெளிச்சத்துல பிடிச்சப்ப உள்ள சின்னதா ஒரு சிவப்பு நூல் தெரிஞ்சது. அதைத் திருப்பிக் குடுத்து, சூடு ஆறுறதுக்குள்ள கோழிக்கு அடியில வையுங்கன்னு அனுப்பினேன். மணி ஆகுதுன்னு அதை வாங்கிப் போட்டிருந்தா துரை தட்டுல என்ன வந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அம்பத்திரெண்டு குடுத்தேன், அம்பது வாங்கினேன். பங்களாவுக்குத் திரும்பும்போது வெயில் இல்லாததால மணி தெரியலை. கடிகாரத்தைப் பார்த்தா பன்னிரெண்டு.

தண்ணி தளதளன்னு கொதிச்ச பிறகுதான் முட்டையைக் கரண்டியால ஒவ்வொண்ணா இறக்கினேன். பச்சைத் தண்ணியில போட்டுச் சேர்த்துக் காய்ச்சினா தோடு இன்னும் கூட ஒட்டும், காலையில முதல் பத்து முட்டையை நான் அப்படித்தான் போட்டிருந்தேன். முதல்ல கொஞ்ச நேரம் மெதுவாக் கிண்டிக்கிட்டே இருந்தேன், மஞ்சக்கரு ஒரு பக்கம் ஒதுங்காம நடுவுல நிக்கட்டும்னு. பட்லர் மாதிரி எனக்கு நிமிஷம் பார்க்க வராது. பக்கத்து அடுப்புல ஒரு கை பச்சரிசியை அதே நேரம் கொதியில போட்டேன். அரிசி வெந்தா முட்டை வெந்தாச்சு. இன்னைக்கும் என் கணக்கு அதுதான். ரெண்டு முட்டை கொதியில வெடிச்சது. மிச்சம் நாற்பத்தெட்டை ஓலைப்பெட்டியில வடிச்சு அப்படியே தூக்கிக்கிட்டு ஓடிப்போய் வாய்க்கால்ல இறக்கினேன். அருவியில இருந்து வர்ற தண்ணி, விரல் மரத்துப்போற குளிர். நானும் செல்லத்தாயியும் தண்ணிக்குள்ளயே வச்சு, அகலப் பக்கத்துல தட்டி உரிச்சோம். தோடு தானா மிதந்து போச்சு. நாற்பத்தெட்டும் முத்து மாதிரி வந்தது. செல்லத்தாயிகூட அன்னைக்குக் குத்தல் பேசலை.

மசிக்கிறதுக்குக் கடுகுப்பொடி டப்பாவைத் திறந்தேன். சீமையில இருந்து வர்ற டப்பா. சாரல் ஈரம் இறங்கிக் கல்லாக் கட்டி, மேல பச்சைப் பூஞ்சை. மணி ரெண்டரை. அதைப் பார்த்து ஏன் எனக்குப் பயம் வரலைன்னு இப்பவும் ஆச்சரியமா இருக்கு. கடுகும் அம்மியும் என் ஊரு. நம்ம சின்னக் கடுகைப் பச்சைத் தண்ணி தெளிச்சு மையா அரைச்சேன். அரைச்சதும் வினிகரை ஊத்தக் கூடாது, கசக்கும், காரம் எழும்பாது. கொஞ்ச நேரம் மூடி வச்சேன். திறந்து முகர்ந்தா நடு மூக்குல ஏறி உச்சியில போய் நின்னது. அதுக்குப் பிறகு வினிகர். மஞ்சக்கருவைத் துணியில போட்டுத் தேய்ச்சு எடுத்து, வெண்ணெய், உப்பு, கரகரப்பா இடிச்ச மிளகு, ரெண்டு சின்ன வெங்காயத்தோட சாறு. பட்லர் வெங்காயம் சேர்க்கமாட்டார். நான் சேர்த்தேன். மேல தூவ, கொத்தமல்லி மாதிரி இருக்கிற துரைமார் தழை இல்லை, நெய்யில பொரிச்ச கறிவேப்பிலையை நொறுக்கித் தூவினேன். தொண்ணூத்தாறுதான் இருந்தது. நாலு குறையுது. அஞ்சு தட்டுல வட்டமா அடுக்கினா யாரும் எண்ணமாட்டாங்க. யாரும் எண்ணலை.

விருந்துல என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. வராந்தா ஓரத்துல நின்னு தட்டை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன். நரைச்ச மீசை வச்ச ஒரு கிழட்டுத் துரை, வழக்கமா எதையும் பாதியில வச்சுட்டுப் போறவர், ஒண்ணு எடுத்தார். கண்ணுல தண்ணி வந்தது. கைக்குட்டையால துடைச்சுக்கிட்டு இன்னொண்ணு எடுத்தார். ஏழு வரைக்கும் நான் எண்ணினேன். அரை மணி நேரத்துல நாலு தட்டும் காலி. அஞ்சாவது தட்டு மட்டும் மிச்சம்.

தொரசானி என்னை எல்லாருக்கும் முன்னால கூப்பிட்டாங்க. என் தோளைத் தொட்டுக் காட்டி, இவதான் செஞ்சா, பட்லர் பழைய முட்டை வச்சிருந்ததைக் கண்டுபிடிச்சவளும் இவதான், இன்னைக்குக் காலையில போட்ட முட்டை, ருசி தெரியுதான்னு எல்லார்கிட்டயும் சொல்லுதாங்க. துரைமார்கிட்ட இங்கிலீசுல, என்கிட்ட தமிழ்ல. எனக்குப் புரிஞ்சது. குசினி வாசல்ல கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பட்லர் நிக்கார். அவருக்கும் புரிஞ்சது. தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

நான் சும்மா இருந்தா போதும். அறை என்னோடது, அடுப்பு என்னோடது. வாயைத் திறந்தா பொய்க்காரின்னு அந்தம்மா முப்பது பேருக்கு முன்னால தலைகுனியணும், அந்தக் கோபத்துல தந்தி போனாலும் போகும். என் ஏழு பிள்ளைங்க முகமும் கண்ணுல வந்தது. ஆனா அடுத்த விருந்துக்கும் இந்தம்மா அன்னைக்குப் போட்ட முட்டையைத்தான் கேப்பாங்க. தினமும் நான் மேலகரத்துக்கு ஓட முடியுமா? பொய் மேல வச்ச அடுப்பு எத்தனை நாள் எரியும்?

"அம்மா, இது இன்னைக்குப் போட்ட முட்டை இல்லை. எட்டு நாள் முட்டை. காலையில நீங்க பார்த்த பிய்ஞ்ச முட்டைதான் புதுசு. பட்லர் செய்ததுதான் சரி. நான் தெரியாமக் கோள் சொன்னேன்."

தொரசானி முகம் சிவந்துட்டு. திரும்பிப் பட்லரைப் பார்த்து, உண்மையான்னு கேட்டாங்க.

பட்லர் நிமிர்ந்தார். "உண்மைதான், மேடம். ஆனா காலையில ஒன்பது மணிக்குக் கிளம்பி மத்தியானத்துக்குள்ள எட்டு நாள் முட்டை அம்பது கொண்டு வர என்னால முடியாது. இவளால முடிஞ்சிருக்கு."

அந்தக் கிழட்டுத் துரைக்கு யாரோ இதை இங்கிலீசுல சொன்னாங்க. அவர் கையில பாதி கடிச்ச முட்டை இருந்தது. அதை ஒரு தடவை உத்துப் பார்த்தார். மிச்சத்தையும் வாயில போட்டுக்கிட்டு, அஞ்சாவது தட்டை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டார். அதுக்குப் பிறகு தொரசானியும் சிரிக்க வேண்டியதாப் போச்சு.

தந்தி போகலை. சனிக்கிழமை காலையில அந்தம்மாவே சாமான் அறைக்கு வந்து, கறுப்புப் பானையில புதுத் தவிடு போடச் சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த விருந்துக்கு முட்டை மசிக்கும்போது பட்லர் சுவரைப் பார்த்துத் திரும்பலை. என்னைப் பார்த்து நின்னுக்கிட்டுச் செய்தார்.

"கோடு எங்க ஐயா?"ன்னு கேட்டேன்.

"சாரல்ல அழிஞ்சுட்டு"ன்னார். பிறகு, "அந்த வெங்காயச் சாறு எவ்வளவு விட்டே?"ன்னு கேட்டார். நாலு வருஷத்துல சமையல் பத்தி அவர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி அது.

இருபத்தோரு நாள் கழிச்சுப் பிச்சம்மா அக்கா மேலகரத்துல இருந்து ஒரு கூடையோட வந்தா. எங்க தெருவுல கால் வைக்க இடமில்லை, எல்லாம் குஞ்சு, உன்னாலதான்னு திட்டிட்டு ரெண்டு குஞ்சை விட்டுட்டுப் போனா. பட்லர் வயசாகி வேலையை விட்டுப் போகும்போது அந்தக் கறுப்புப் பானையை அவர் கையாலயே தூக்கி என் அடுப்புக்குப் பக்கத்துல வச்சார். வெள்ளைக்காரன் போன பிறகும், பங்களா கை மாறின பிறகும், என் முட்டி மடங்காமப் போற வரைக்கும் அந்த அடுப்புல நான்தான் நின்னேன்.

பிள்ளைங்களா, முட்டையை எட்டு நாள் வைங்க, கொதியில போடுங்க, குளிர்ந்த தண்ணியில உரிங்க. இது யார் வேணும்னாலும் சொல்லுவாங்க. நான் சொல்லுறது வேற. உங்களுக்கு மேல இருக்கிறவர் ஒரு வேலையைக் கோணலாச் செய்யுற மாதிரித் தெரிஞ்சா, போய்ச் சொல்லுறதுக்கு முன்னால அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவர் பதில் சொல்லலைன்னா அவர் முதுகைப் பார்க்காதீங்க, பானையைப் பாருங்க. தப்பு உங்களுதுன்னு தெரிஞ்சா, பாராட்டு சூடா இருக்கும்போதே சொல்லிருங்க. ஆறினா ஒட்டிக்கிடும், பிறகு உரிக்க வராது.

போதும். கோமதி, பேனாவைக் கீழ வை. முதல்ல இருந்து சத்தமா வாசிட்டி, நான் கேக்கேன். நான் தொரசானிகிட்ட கோள் சொன்ன இடத்தை மட்டும் ஆச்சி மானம் போகும்னு விட்டுட்டு எழுதியிருந்தா, இப்பவே சொல்லிரு.